புது கெர்னல் கம்பைல் ஆகிறது, பூட் ஆகவில்லை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டெபியன் 12 லினக்ஸில் 6.6 கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துவிட்டு மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் டச்பேட் வேலை செய்வதில்லை. டிரைவரில் ஒரு வரி மாற்றிப் பார்க்கத்தான் இதில் இறங்கினேன். தங்கை இதில்தான் படிக்கிறாள்.

பழைய கான்ஃபிக் கோப்பை காப்பி செய்து, புது ஆப்ஷன்களுக்கு டீஃபால்ட் மதிப்பை நிரப்பும் 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தேன். கம்பைல் ஆக ஐந்து மணி நேரம். பிழை எதுவும் இல்லை. ரீபூட் செய்தால் கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்', 'அன்னோன் பிளாக் (0,0)' (ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை) என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது.

பழைய 6.1-இல் நுழைந்து பார்த்தேன். பூட் பார்ட்டிஷன் 500 எம்பிதான். புது இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் லோட் ஆகும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) 380 எம்பியைத் தாண்டி ஊதி, இடம் போதாமல் பாதியில் நின்றிருக்கிறது. அதனால் கிரப் (பூட் லோடர்) மெனுவில் அதை லோட் செய்யச் சொல்லும் இனிட்ஆர்டி வரியே இல்லை. மாட்யூல்களில் (டிரைவர் போன்ற, தனியாக லோட் ஆகும் கெர்னல் துண்டுகள்) பிழை தேட உதவும் டீபக் தகவல் ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாட்யூல்களை நிறுவும்போது அந்தத் தகவலை நீக்கும் 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்=1' கொடுத்தால் போதுமா, இல்லை டீபக் இன்ஃபோவை அணைத்து மறுபடி முழுதாகக் கம்பைல் செய்ய வேண்டுமா? அப்புறம், 'லோக்கல்மாட்கான்ஃபிக்' பயன்படுத்தலாமா? அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டும்தான் அது வைத்துக்கொள்ளும். பென்டிரைவைச் செருக மறந்தால் அதன் டிரைவரும் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இன்று இரவே முயன்று பார்க்கிறேன்.