தனி ஒலியட்டையா, ஒலி முடுக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிச் சொற்பட்டியலுக்காக, ஒலிக்கென்றே கணினியில் தனியாகச் செருகும் "டெடிகேட்டட் சவுண்ட் கார்டு" என்பதற்கு இதுவரை இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஒன்று "அர்ப்பணிக்கப்பட்ட ஒலி அட்டை", மற்றது "ஒலி முடுக்கி" (சவுண்ட் ஆக்சிலரேட்டர்). இரண்டும் வேண்டாம், "தனி ஒலியட்டை" என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அர்ப்பணிப்பு. நூலை அம்மாவுக்கு அர்ப்பணிக்கிறோம், வாழ்வை ஒரு கொள்கைக்கு அர்ப்பணிக்கிறோம். கணினிக்குள் செருகும் அட்டையை யாரும் எதற்கும் அர்ப்பணிப்பதில்லை. ஒரே வேலைக்கென்று ஒதுக்கப்பட்டது என்ற பொருளுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: நில எடுப்புக்கென்றே ஓர் அதிகாரி இருப்பார், அவர் அறை வாசலில் "தனி வட்டாட்சியர்" என்று எழுதியிருக்கும். தனி அலுவலர் என்பதும் அப்படித்தான். அதே "தனி", தனிக்குடித்தனம் என்னும்போது பிரிந்து நிற்பதையும் சொல்கிறது. நம் அட்டைக்கு இரண்டு பொருளுமே பொருந்தும். தாய்ப்பலகையிலிருந்து (மதர்போர்டு) பிரிந்தது, ஒலி வேலை மட்டும் பார்ப்பது. இரண்டெழுத்துச் சொல் இத்தனையையும் சுமக்கும்போது பதினொரு எழுத்துக்கு ஏன் போக வேண்டும்?

அடுத்தது ஒலி முடுக்கி. இதைச் சொன்ன ஐயாவின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதால் முடுக்கி" என்றார். ஒரு காலத்தில் அது முழுக்க உண்மை.

1987-இல் ஆட்லிப் அட்டையும், 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் விற்ற சவுண்ட் பிளாஸ்டரும் வரும்வரை, ஐ.பி.எம். வகைக் கணினியில் பெரும்பாலும் பீப் பீப் என்ற ஒலிதான். விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில் விளையாடியவர்களுக்கு 220, 5, 1 என்ற மூன்று எண்களும் இன்னும் மறந்திருக்காது. அட்டையின் முகவரி, குறுக்கீட்டு எண், நேரடி நினைவகத் தட எண் (டி.எம்.ஏ.) மூன்றையும் விளையாட்டுக்கு நாமே கொடுத்தால்தான் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். 1998-இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வந்தபோது, அதிலிருந்த சில்லு ஒரே நேரத்தில் 64 ஒலிகளைத் தானே கலந்து, எதிரொலியும் சேர்த்துக் கொடுத்தது.

இதில் என்ன கணக்கு என்று பாருங்கள். ஒவ்வோர் ஒலிக்கும் நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை எண்ணாக்கிய அளவீடுகள்), 64 ஒலிகள் என்றால் வெறுமனே கலப்பதற்கே நொடிக்கு 30 லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். எதிரொலி, திசை வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்தால் அது பல மடங்காகும். 300 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 மையச் செயலிக்கு (சி.பி.யு.) அது நிஜமான சுமை. அட்டை அந்தச் சுமையை வாங்கிக்கொண்டால் திரையில் நொடிக்கு ஓடும் படங்களில் (சட்டகங்கள்) சில கூடின. அன்றைக்கு இந்தப் பெயரை வைத்திருந்தால் நானே ஆதரித்திருப்பேன்.

பிறகு நிலைமை மாறிவிட்டது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸின் ஒலி இடைமுகம் வழியாக விளையாட்டுகள் அட்டையின் வன்பொருளைத் தொடும் பாதையை எடுத்துவிட்டது. ஒலிக்கலப்பு மென்பொருளுக்குப் போனது. மையச் செயலிகளும் பல கருக்களோடு (கோர்) வர ஆரம்பித்திருந்தன. இன்றைய விளையாட்டில் காலடி ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக்கூட விளையாட்டு இயந்திரமே (கேம் எஞ்சின் என்னும் மென்பொருள்) கணக்கிட்டு, முழுதாகத் தயாரான ஒலியைத்தான் அட்டைக்கு அனுப்புகிறது. அந்த எண்களை மின்னலையாக்கி ஹெட்போனுக்குக் கொடுப்பதுதான் அட்டைக்கு மிஞ்சிய முக்கிய வேலை. சட்டக வீதத்தில் அதற்குப் பங்கு இல்லை என்றே சொல்லிவிடலாம். இப்போது போய் முடுக்கி என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரை நம்பி ஒரு பையன் அப்பாவிடம் கெஞ்சிப் பணம் வாங்கி அட்டை வாங்குவான். வரைகலை அட்டைக்கோ (கிராஃபிக்ஸ் கார்டு) நினைவகத்துக்கோ போக வேண்டிய பணம் அது.

இது எனக்குக் கண்முன் நடந்த விஷயம். அக்கா மகன் வாங்கினான். பழைய தாய்ப்பலகை ஒலியோடும் புதிய அட்டையோடும் ஒரே காட்சியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். சட்டகங்களில் சொல்லும்படி வேறுபாடே இல்லை. அவன் முகம் வாடிவிட்டது. அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மாமா, அந்தக் கிர்ர் சத்தம் போயிடுச்சு" என்றான். முன்பு பெட்டியின் முன்பக்கத் துளையில் மாட்டினால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் மெல்லிய கீச்சொலி கேட்கும். காட்சி கனமானால் அதுவும் உயரும். வரைகலை அட்டை இழுக்கும் மின்சாரத்தின் இரைச்சல் ஒலிப்பாதையில் கசிந்துகொண்டிருந்தது. புதிய அட்டையில் அது இல்லை. அமைதியான இடத்தில் பதுங்கி வருபவனின் காலடி இப்போது அவனுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆக, அட்டையால் பயன் உண்டு. அந்தப் பயன் வேகம் இல்லை, ஒலித்தரம்.

இதனால்தான் "பெர்ஃபார்மன்ஸ்" வரும் இடங்களில் எல்லாம் "செயல்திறன்" என்று போட்டுக்கொண்டே போவதும் எனக்கு உறுத்துகிறது. "தனி ஒலியட்டை விளையாட்டின் செயல்திறனைக் கூட்டுமா?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். படம் ஓடும் வேகத்தைக் குறிக்கும்போது "சட்டக வீதம்" என்றும், காதுக்கு வருவதைக் குறிக்கும்போது "ஒலித்தரம்" என்றும் பிரித்து எழுதினால் கேள்வியே தெளிந்துவிடும்.

எழுத்து பற்றி ஒன்று. "தனி ஒலி அட்டை" என்று மூன்றாகப் பிரித்தால், தனி ஒலிக்கான அட்டை என்று படிக்க இடமிருக்கிறது. "ஒலியட்டை" என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

இதன் எதிர்ச்சொல்லுக்கு "உள்ளமைந்த ஒலி" என்று தங்கை ஒருவர் எழுதியிருந்தார். தனி ஒலியட்டையும் பெட்டிக்கு உள்ளேதானே இருக்கிறது, அதனால் தயங்குகிறேன். "தாய்ப்பலகை ஒலி" என்றால் எங்கே இருக்கிறது என்பது சட்டென்று புரியும். யூ.எஸ்.பி.யில் மாட்டும் விரல் நீளக் கருவிக்கு "வெளி ஒலியட்டை" போதும் என்று நினைக்கிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்வேன்.

சொற்பட்டியலில் "தனி ஒலியட்டை", "தாய்ப்பலகை ஒலி", "சட்டக வீதம்" மூன்றையும் சேர்த்து வைக்கிறேன். "ஒலி முடுக்கி" 2007-க்கு முந்தைய அட்டைகளைப் பற்றிய குறிப்புகளில் மட்டும் இருக்கட்டும். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், குறிப்பாக முடுக்கி பற்றி ஐயாவின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.