பழைய .315 ரைபிள் மக்கர் பண்ணினால் முதலில் காலித் தோட்டாக் கேஸைப் பாருங்கள்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் விடுவதில்லை.

தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வந்த கொஞ்ச நாளில், கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அப்பா காலத்து .315 ரைபிள், இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. லைசென்ஸ் சரியாக இருந்தது. "மக்கா, சுட்ட கேஸ் வெளிய வரமாட்டேங்கு. சில நேரம் அடுத்த தோட்டாவும் ஏறமாட்டேங்கு. கொக்கி போச்சுன்னு நினைக்கேன், புதுசு ஒண்ணு போட்டுத் தந்துரு" என்றார்.

கொக்கி என்று அவர் சொன்னது எக்ஸ்ட்ராக்டரை. சுடும்போது தோட்டா உட்காரும் அறைதான் சேம்பர். அங்கிருந்து காலி கேஸின், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டின், விளிம்பைக் கவ்வி இழுப்பது இந்தக் கொக்கிதான். எல்லாரும் முதலில் அதன் மேல்தான் பழி போடுவார்கள்.

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தேன். தோட்டாக்களை அடுத்த அறையில் வைக்கச் சொல்லிவிட்டு, சுட்ட கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பழைய பவுடர் டப்பாவில் நாலைந்து வைத்திருந்தார். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது. விளிம்பில் ஒரே இடத்தில் எலி கடித்த மாதிரி தடம். கொக்கி கவ்வியிருக்கிறது, இழுத்திருக்கிறது, வழுக்கியிருக்கிறது. கேஸின் உடம்பிலோ வேர்க்குரு போலச் சின்னச் சின்னப் புடைப்புகள். சேம்பரில் துருக்குழிகள் இருந்தால், சுடும்போது பித்தளை விரிந்து அந்தக் குழிகளில் போய் உட்காரும். பிறகு எப்படிச் சுலபமாக வரும்?

தோட்டாவைத் தள்ளி ஏற்றும் போல்ட்டை உருவிப் பார்த்தால் கொக்கிக்கு அடியில் முந்திரிப் பிசின் மாதிரி மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது.

"என்ன எண்ணெய் போடுதீங்க?"

"நம்ம வீட்டுத் தேங்காயெண்ணெய்தான். கலப்படமே கிடையாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நம் ஊரில் தலைக்கும் மீனுக்கும் பூட்டுக்கும் கீலுக்கும் ஒரே எண்ணெய்தான். ஆனால் அது நாள்பட்டால் பிசினாகும். மார்கழியில் மலைப்பக்கம் உறையவும் செய்யும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்ததும் கொக்கி விரலுக்கு 'டிக்'கென்று துள்ளியது. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

தோட்டா ஏறாததற்குக் காரணம் வேறு. .315 தோட்டாவுக்கு, பழைய ராணுவ .303 ரைபிளின் தோட்டா போலவே, அடியில் புடைத்த விளிம்பு உண்டு. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் மேலதைத் தள்ளும்போது அது கீழதில் மாட்டிக்கொண்டு நகராது. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை (டம்மி ரவுண்ட்) கொடுத்து அவரையே போடச் சொன்னேன். அவசரத்தில் மூன்றாவதைத் தப்பாக அமுக்கினார், அங்கேயே நின்றது. பட்டாளத்தில் ரெக்ரூட் காலத்திலேயே அடி வாங்கிப் படித்த பாடம் இது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாவம்.

சேம்பர் குழிகளில் மட்டும் நான் கைவைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சேம்பர் பெரிதாகி, கேஸ் வெடித்துப் பிளக்கும் அபாயம் உண்டு. லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிவைத்தேன். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும். அப்புறம், இன்னொரு ரைபிளின் போல்ட் தலையைத் திருகி மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். தோட்டாவின் பின்னால் இருக்கவேண்டிய இடைவெளி மாறிவிடும்.

இப்போது கேஸ் வருகிறது. கொஞ்சம் இறுக்கம் இன்னும் இருக்கிறது, அது போகாது.

இதைப் படித்துக் குளச்சலிலிருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் வீட்டில் தாத்தாவின் இரட்டைக் குழல் 12 போர் (bore) துப்பாக்கி இருந்தது. அதில் கேஸ் தெறிக்காது, லேசாகத் தூக்கித்தான் கொடுக்கும், விரலால் எடுக்க வேண்டும். பழைய காகிதத் தோட்டாக்கள் ஆடி மழையில் ஊதிப்போய், பாதி உள்ளே போய் நின்றுவிடும். தாத்தா அதற்கு மருந்தாகத் தோட்டாவை அடுப்புக்கு மேலே பரணில் காயவைப்பார். ஆச்சி அந்த நாட்களில் சமையலறைக்குள்ளேயே போகமாட்டாராம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண் எழுதியது:

கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும். சுட்ட கேஸ், உள்ளே ஒன்றுமில்லாத மேகசின் கூட்டுக்குள் விழும். முதல் நாள் ரைபிள் கேஸை விழுங்கிவிட்டது என்று பயந்தேன். ஒருமுறை டிரிகரை இழுத்தால் 'டிக்' சத்தம் மட்டும்தான். போல்ட்டைத் திறக்கக் கை போனது. பயிற்சி கொடுத்த உஸ்தாத் போட்ட சத்தத்தில் உறைந்துபோனேன். "குழல் டார்கெட்டைப் பார்த்தே இருக்கட்டும், அசையாதே!" சில தோட்டா தாமதித்து வெடிக்குமாம். அந்த அரை நிமிடம் எனக்கு அரை மணி நேரம்.

குலசேகரத்திலிருந்து, மறுபடியும்:

நாகர்கோவில் தங்கச்சி, உஸ்தாத் செய்ததுதான் சரி. குளச்சல் அண்ணாச்சி, தாத்தா செய்ததை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். ஊதின தோட்டாவை அமுக்கவும் வேண்டாம், வாங்கின டீலரிடமே கொடுத்துவிடுங்கள்.

துரு எங்கிருந்து வருகிறது என்று தனியாகக் கேட்டவருக்கு: கடல்காற்று ஒரு காரணம். பழைய தோட்டாக்களின் அடியில் இருக்கும் கேப்பு (முதலில் தீப்பற்றும் பகுதி) மருந்து சுட்டதும் உப்பை விட்டுப்போகும், அது ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் குழலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். பிறகு புல்த்ரூ என்ற கயிற்றில் துணித்துண்டைக் கட்டிக் குழலுக்குள் இழுத்து, நன்றாகக் காயவிட்டு, துப்பாக்கி எண்ணெய் ஒரு பூச்சு. அடுத்தமுறை சுடுமுன் சேம்பரில் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள்.