பீரோவில் புத்தகம், மூலையில் தோரணம்: பிள்ளைகள் வாசிக்க வரவில்லையே, என்ன செய்யலாம்?

கேள்வி: புதிய டீச்சர், தருமபுரி மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்தேன். 1 முதல் 3 வரை மூன்று வகுப்பும் என் பொறுப்பு. மொத்தம் 19 பிள்ளைகள். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' நடக்கிற வகுப்பு என்பதால் சுவர் முழுக்கப் படமும் எழுத்து அட்டையும்தான். போன மாதம் என் காசில் காகிதப் பூ, தோரணம் எல்லாம் வாங்கி ஒரு வாசிப்பு மூலையும் அமைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போவதில்லை.

புத்தகங்கள் பீரோவில் இருக்கின்றன, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்களும் சேர்த்து. எனக்கு முன்பு இருந்தவர் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தார். கிழிந்தாலும் தொலைந்தாலும் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று வெளியே எடுக்கக் கை வரவில்லை.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. எழுத்தெல்லாம் தெரியும், சொல்வதை எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறாள். ஆனால் எழுந்து நின்று வாசி என்றால் வாய் திறப்பதில்லை. பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோபி பக்கம்

கண்ணு, 31 வருஷம் சின்ன வகுப்புகளிலேயே இருந்தவள் நான். முதலில் அந்தப் பீரோவைத் திற. கிழியாத புத்தகம் என்றால் யாரும் படிக்காத புத்தகம் என்று அர்த்தம்.

கடையில் ஒரு கொடிக்கயிறும் துணி கிளிப்பும் வாங்கு. உன் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, அதன் தோள் உயரத்துக்குக் கயிற்றைக் கட்டு. உன் இடுப்புக்குக் கீழேதான் வரும், பரவாயில்லை. புத்தகத்தை அட்டைப்படம் தெரிகிற மாதிரி தொங்கவிடு. அடுக்கி வைத்தால் அந்த ஒல்லிப் புத்தகங்களின் முதுகு மட்டும்தான் தெரியும், அதில் ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு புத்தகம் போதும். திங்கட்கிழமைதோறும் நான்கை மாற்று. முதல் இரண்டு வாரம் படம்தான் பார்ப்பார்கள், தலைகீழாகவும் பிடிப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். "என்ன படிச்சே, சொல்லு" என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்குப் பயந்தே புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள்.

தோரணத்தைப் பற்றிச் சொன்னால் வருத்தப்படாதே. அந்த மூலையில் வெளிச்சம் வருகிறதா என்று பார். பல பள்ளிகளில் வாசிப்பு மூலை இருப்பதே ஜன்னல் இல்லாத மூலையில்தான். கோரைப்பாய் ஒன்றை ஜன்னலடியில் விரி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீயும் அதில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சத்தமாக வாசித்துக் காட்டு. புத்தகம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும், உன் விரல் வரிக்கு அடியில் ஓடட்டும். நேற்று வாசித்ததையே மறுபடி கேட்டால் மறுபடி வாசி. நாலாவது தடவை உனக்கு முன்னால் அவர்கள் சொல்வார்கள்.

இனி அந்தப் பெண் பிள்ளை. இதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். புத்தகத்தில் "பூனை மரத்தின் மேல் ஏறியது" என்று இருந்தது. அவன் கடகடவென்று "பூனை மரத்து மேல ஏறிருச்சு" என்று வாசித்தான். நான் நிறுத்தினேன். "புத்தகத்துல இருக்கிறபடி வாசி" என்றேன். விரலை வைத்து "ம... ர... த்... தி... ன்" என்று கூட்ட ஆரம்பித்தான். வரி முடிந்தது. "பூனை எங்கே இருக்குது?" என்று கேட்டேன். தெரியவில்லை. ஒரு நிமிஷம் முன்னால் தெரிந்திருந்தது, நான்தான் அதைப் பறித்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அந்தப் பையன் முகம் போகவில்லை.

நம் தமிழில் இது பெரிய விஷயம் கண்ணு. பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. வரியைப் பார்த்து வீட்டுத் தமிழில் சொல்கிற பிள்ளை தப்பு செய்யவில்லை. பொருள் புரிந்து, தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறது. அதை விட்டுவிடு. அது முடித்தபிறகு நீ அதே வரியைப் புத்தகத்தில் உள்ளபடி ஒருமுறை வாசி, போதும். கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். உன் பெண்ணை யாராவது இப்படி நடு வரியில் நிறுத்தியிருக்கலாம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அவளை இனிமேல் எழுப்பி நிறுத்தாதே. பாயில் பக்கத்தில் உட்கார வைத்து, நீயும் அவளும் சேர்ந்து ஒரே குரலில் வாசியுங்கள். அவள் குரல் ஏற ஏற உன் குரலைக் குறைத்துக்கொள். அப்புறம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அவளிடம் அனுப்பி, "அக்காகிட்ட கதை கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. நீ திரும்பிப் பார்க்கவே கூடாது.

பதில் 2: இடைநிலை ஆசிரியர், சேலம்

பதிவேட்டுப் பயத்துக்கு எங்கள் பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன் டீச்சர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம்: புத்தகங்கள் பிள்ளைகள் கையில் புழங்கும், கிழிவது புழக்கத்தால் வரும் சேதம் என்று. தலைமையாசிரியர், பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு மனசு லேசாகிவிட்டது.

கடன் நோட்டைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். எழுதத் தெரியாதவன் புத்தகத்தில் உள்ள படத்தை வரைந்துவிட்டு எடுத்துப் போகட்டும். வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை இருக்கிறது அல்லவா, மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' எடுத்தால் தடுக்காதீர்கள். "இது சின்னப் பசங்க புக்" என்ற ஒரு சொல் போதும், அப்புறம் எதையும் எடுக்க மாட்டான்.

பதில் 3: ஊர்ப்புற நூலகர்

பக்கத்தில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி, அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். எங்களிடம் சிறுவர் பகுதிப் புத்தகங்கள் கை படாமல் கிடக்கின்றன. யாராவது வந்து எடுக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன், உண்மையாகவே.

கேட்டவருக்கு இன்னொன்று: சிறுவர் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஒரு படி கிழிந்தால் இன்னொரு படி.

கேட்டவர், இரண்டு வாரம் கழித்து

அம்மா, சார், எல்லோருக்கும் நன்றி. கயிறு கட்டியாகிவிட்டது. முதல் நாள் கிளிப்புக்குத்தான் சண்டை. நீங்கள் சொன்னதுபோல் தோரணம் கட்டிய மூலை இருட்டுதான், பாய் இப்போது ஜன்னலடியில். மத்தியானம் நான் உட்காருவதற்குள் இடம் பிடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பெண் என்னோடு சேர்ந்து இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை ஒரு புத்தகம் எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை வந்தபோது நடுப்பக்கத்தில் எண்ணெய்க் கறை, பக்கம் பாதி கிழிந்திருந்தது. பயந்துகொண்டே நீட்டினாள். "யாருக்குப் படிச்சுக் காட்டினே?" என்றேன். "தம்பிக்கு" என்றாள், மெதுவாக. வகுப்பில் நான் கேட்ட முதல் பதில் அது.

அம்மா, கிழிந்த பக்கத்தை எப்படி ஒட்டுவது? டேப் ஒட்டலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோபி பக்கம்

டேப் வேண்டாம் கண்ணு, வருஷம் போனால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சு. பைண்டிங் கடையில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் கை படுகிற இடத்தில் அது கூடாது. அதனால் கொஞ்சமாகக் காய்ச்சு, இரண்டு நாளில் புளித்துவிடும். மெல்லிய வெள்ளைத் தாளை நீளமாக வெட்டிக் கிழிசல் மேல் வைத்து ஒட்டி, மேலே கனமான புத்தகம் ஒன்றை இராத்திரி முழுக்க வைத்துவிடு. ஒட்டும்போது அவளையும் கூட உட்கார வைத்துக்கொள்.