கிரெட்டா 2017: இரண்டாவது ஸ்மார்ட் கீ பதிய மாட்டேங்குது, உதவி தேவை

கரூர்_டீசல் (கேள்வி)

வண்டி ஹூண்டாய் கிரெட்டா, 2017, 1.6 டீசல், புஷ் பட்டன் ஸ்டார்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரே ஒரு ஸ்மார்ட் கீதான் கைக்கு வந்தது. இன்னொன்று தொலைந்துவிட்டது என்று விற்றவர் சொல்கிறார்.

ஆன்லைனில் "ஒரிஜினல், யூஸ்டு" என்று போட்டிருந்த ரிமோட் ஒன்றை வாங்கி, சாவிக் கடையில் கொடுத்தேன். டேப்லெட் மாதிரி ஒரு கருவியை ஓ.பி.டி போர்ட்டில் (வண்டியின் கோளாறைப் படிக்கும் சாக்கெட்டில்) மாட்டினார். சாவி பதிய வண்டி கேட்கும் ரகசியப் பின் நம்பர் தவறு என்று வந்தது. வேறு நம்பர்கள் போட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு கருவி எதையும் ஏற்கவில்லை. பழைய ரிமோட் மட்டும் வழக்கம்போல் வேலை செய்கிறது.

வண்டியில் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா? இந்த யூஸ்டு ரிமோட்டைப் பதிய வழி உண்டா? இல்லையென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பட்டறை_மின்சாரம்

வண்டிக்கு ஒண்ணும் ஆகலை சார். தப்பான பின் தொடர்ந்து மூணு தடவை அடிச்சா சிஸ்டம் ஒரு மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கும், அவ்வளவுதான். இக்னிஷனை ஆனில் வெச்சு அந்த நேரத்தைக் கழிக்கணும். பாட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினா சரியாகும்னு சிலர் கைவைப்பாங்க. அப்படிச் செஞ்சா அந்த ஒரு மணி நேரம் மறுபடியும் முதல்லேருந்து ஓடும். இக்னிஷன் ஆனில் நிக்கிற நேரம் முழுக்க ப்ளோயர், லைட், மியூசிக் எல்லாம் ஆஃப் பண்ணி, பாட்டரிக்கு சார்ஜர் போட்டுடுங்க. டீசல் வண்டி, பாட்டரி இறங்கிட்டா அப்புறம் அது தனிக் கதை.

பின் நம்பர் 6 இலக்கம், வண்டியோட வி.ஐ.என், அதாவது சேசிஸ் நம்பரோட கட்டுப்பட்டது. ஊகிச்சுப் போடுற விஷயமே இல்லை. ஆர்.சி, அடையாள அட்டை ரெண்டையும் கொண்டுபோனா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல கம்பெனி சிஸ்டம் வழியா எடுத்துப் போடுவாங்க. வெளிக்கடைகள்ல சில கருவிகள் வண்டியிலிருந்தே பின்னைப் படிக்கும், சிலது வி.ஐ.என் வெச்சுக் கணக்குப் போடும். உங்க மாடல், வருஷத்துக்கு அந்த வசதி இருக்கான்னு கருவியை மாட்டுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்.

யூஸ்டு ரிமோட்டைத் திருப்பி அனுப்பப் பாருங்க. ஹூண்டாய் ஸ்மார்ட் கீ ஒரு வண்டியில் பதிஞ்சதும் சிப் அந்த வண்டிக்கே பூட்டிக்கும். சரியான பின் கையில் இருந்தாலும் உங்க வண்டி அதை ஏத்துக்காது. அதைப் பழையபடி புதுசாக்க, அதாவது "வெர்ஜின்" நிலைக்குக் கொண்டுவர, போர்டைக் கழட்டித் தனிக் கருவியில் வைக்கிற முறை உண்டு. ஆனா போர்டு பாழாகும் வாய்ப்பு அதிகம், அந்தக் கூலிக்குப் புதுசே பாதி வந்திடும். வெளிக்கூடு மட்டும் வேணும்னா உதவும்.

அலைவரிசை

மேலே சொன்னது சரி. எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு என் பங்கு.

ஸ்மார்ட் கீக்குள் நான்கு வேலை தனித்தனியாக நடக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேர் தவறான ரிமோட் வாங்குகிறார்கள்.

முதலாவது, பட்டனை அமுக்கினால் கதவு திறப்பது. ரிமோட்டிலிருந்து வண்டிக்கு ரேடியோ அலை போகிறது. இந்திய வண்டிகளில் 433.92 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது, ரிமோட் பையில் இருக்கும்போதே கைப்பிடி பட்டனைத் தொட்டுத் திறப்பது. இங்கே முதலில் வண்டிதான் பேசும். கைப்பிடியிலும் கேபினுக்குள்ளும் உள்ள ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ரிமோட்டை எழுப்புகின்றன, ரிமோட் 433-இல் பதில் சொல்கிறது. கைப்பிடியிலிருந்து 0.7 முதல் 1 மீட்டர் வரைதான் இது எட்டும். மூன்றாவது, இம்மொபிலைசர் சிப், அதாவது எஞ்சின் ஓட அனுமதி தரும் அடையாளச் சிப். ரிமோட்டில் பாட்டரியே இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் பட்டன் மேல் ரிமோட்டை வைத்து அழுத்தினால் எஞ்சின் ஓடுவது இதனால்தான். நான்காவது உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி.

ஆகவே புது ரிமோட்டில் அலைவரிசை, சிப் வகை, பாகம் எண் மூன்றும் பொருந்த வேண்டும். ஹூண்டாயில் ஸ்மார்ட் கீ பாகம் எண் 95440 என்று தொடங்கும். மடக்குச் சாவி ரிமோட்டுக்கு 95430. அடுத்து வரும் ஐந்து எழுத்து-எண்கள்தான் மாடலைத் தீர்மானிக்கின்றன. வெளித்தோற்றம் அச்சாக ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கும். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வி.ஐ.என் நம்பரைக் கொடுத்து பார்ட்ஸ் கவுன்டரில் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

கரூர்_டீசல்

நன்றி. ரிமோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். புதுசு வாங்கிப் பதியப் போகும்போது பழைய ரிமோட்டையும் கொண்டுபோக வேண்டுமா? அது ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பட்டறை_மின்சாரம்

கண்டிப்பா கொண்டுபோகணும். புதுசு ஒண்ணைப் பழசோட சேர்க்கிற முறை இதில் இல்லை. பதிவைத் தொடங்கினதும் பழைய பட்டியல் அழிஞ்சிடும், அந்த ஒரே அமர்வில் எதையெல்லாம் காட்டுறோமோ அது மட்டும்தான் மறுபடி ஏறும். பழசை வீட்ல வெச்சுட்டுப் போனா, திரும்பி வரும்போது புதுசு வேலை செய்யும், பழசு செய்யாது. எத்தனை சாவி வரை பதியலாம்னு கையேட்டில் ஸ்மார்ட் கீ பகுதியில் போட்டிருக்கும். இந்தத் தலைமுறையில் பொதுவா 2.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. "தொலைஞ்சுடுச்சு"ன்னு சொன்ன அந்த ரெண்டாவது ரிமோட் யார் கையில் இருக்குன்னு தெரியாது. புதுப் பதிவோட அதுவும் செத்துடும். ஆனா அதுக்குள்ள இருக்கிற பிளேடு, அதாவது உலோகச் சாவி, இன்னும் உங்க டிரைவர் கதவைத் திறக்கும். அது உறுத்துதுன்னா லாக் சிலிண்டரை மாத்தணும், இல்லேன்னா பூட்டுக்குள்ளே இருக்கிற சின்னத் தகடுகளை மாத்திப் புதுசா பிளேடு வெட்டணும்.

வேலை நடக்கிற வரிசை இது. ரெண்டு ரிமோட்டுக்கும் புது சி.ஆர் 2032 செல் போடுங்க. மல்டிமீட்டர்ல புது செல் 3 வோல்ட்டுக்கு மேல காட்டணும். வண்டி பாட்டரி 12.4-க்குக் கீழே இருந்தா முதல்ல சார்ஜ். டாஷ் கேமரா, 12 வோல்ட் சாக்கெட்டில் குத்தின மொபைல் சார்ஜர் எல்லாத்தையும் உருவிடுங்க. மலிவான சார்ஜர்கள் ரேடியோ சத்தம் கிளப்பி ரிமோட்டைக் கேட்க விடாது. ரெண்டாவது ரிமோட்டை வண்டிக்கு வெளியே ஒருத்தர் கையில் கொடுத்துத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. கருவியை மாட்டி, ஸ்மார்ட் கீ யூனிட்டுக்குள்ள போய், சாவி பதிவைத் தேர்ந்து, பின்னை அடிச்சதும் முதல் சாவியைக் கேட்கும். கருவி சொல்றபடி ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்கிட்ட வைக்கணும். முதல் சாவி ஏறினதும் "அடுத்தது உண்டா"ன்னு கேட்கும். இங்கே அவசரத்தில் இல்லைன்னு அமுக்கிட்டு, பிறகு முழுசையும் முதல்லேருந்து செய்றவங்க நிறைய பேர்.

கம்பெனி பட்டறையில் இதெல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலை. பில்லில் ரிமோட் விலை, பதிவுக் கூலி, பிளேடு வெட்டும் கூலி மூணும் தனித்தனியா இருக்கட்டும்.

மடக்குச்சாவி

நடுவில் ஒரு சின்ன சந்தேகம். என்னுடையது பட்டன் ஸ்டார்ட் இல்லாத பழைய ஸ்விஃப்ட். ரிமோட் கூடு உடைந்துவிட்டது. புதுக் கூடு வாங்கி போர்டை மாற்றினேன். லாக், அன்லாக் வேலை செய்கிறது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை. சாவி பதிய வேண்டுமா?

அலைவரிசை

பழைய கூட்டை எறிந்துவிடாதீர்கள். பல மடக்குச் சாவிகளிலும் சாதா சாவிகளிலும் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புக் கட்டியாகவோ கண்ணாடிக் குழாயாகவோ கூட்டோடு பதித்திருப்பார்கள். அதைப் பெயர்த்து புதுக் கூட்டில் அதே இடத்தில் வைத்தால் ஓடும், பதிவு எதுவும் தேவையில்லை. கண்ணாடி வகை என்றால் இடுக்கியால் நெரிக்காதீர்கள், விரிசல் விட்டால் அதோடு சரி.

மடக்குச்சாவி

அதேதான். பழைய கூட்டுக்குள்ளேயே இருந்தது. நன்றி.

கரூர்_டீசல்

புது ரிமோட் வந்து, பின் எடுத்துப் பதிந்தும் ஆயிற்று. ரிமோட் வெளியில் வாங்கியது, 95440 எண் பார்ட்ஸ் கவுன்டரில் கொடுத்ததேதான் என்று விற்றவர் சொன்னார். பதிவு வெற்றி என்று கருவி காட்டியது. ஆனால் புது ரிமோட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. கைப்பிடி பட்டனுக்கும் கதவு திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் அழுத்தினால் "கீ நாட் இன் வெஹிக்கிள்". ரிமோட்டையே பட்டன் மேல் வைத்து அழுத்தினால் எஞ்சின் ஓடுகிறது. பழைய ரிமோட்டில் எல்லாமே சரி. பதிவில் பிழையா?

அலைவரிசை

பதிவில் பிழை இல்லை. நீங்கள் எழுதிய அறிகுறிகளிலேயே விடை பாதி இருக்கிறது. பட்டன் மேல் வைத்தால் ஓடுகிறது என்றால் சிப் சரியாக ஏறிவிட்டது. பழைய ரிமோட் எல்லாம் செய்கிறது என்றால் வண்டியின் ஆன்டெனாவும் ரிசீவரும் நலம். மிச்சமிருப்பது புது ரிமோட்டிலிருந்து வண்டிக்குப் போகும் ரேடியோ பாதை மட்டும். கைப்பிடியும் அதே பாதையில்தான் பதிலை எதிர்பார்க்கிறது என்பதால் அதுவும் சேர்ந்து விழுகிறது.

எளிதிலிருந்து தொடங்குங்கள். செல்லின் மேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா? செல் தலைகீழாக இல்லையே? செல்லைப் பிடிக்கும் தகடு அழுந்தி விலகியிருக்கிறதா? பட்டனை அமுக்கும்போது ரிமோட்டில் உள்ள சிறு விளக்கு மின்னுகிறதா? மின்னினால் சக்தி போகிறது.

மின்னியும் வேலை செய்யவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். சாவி பதியும் கருவிகள் பலவற்றில் ரிமோட் அலைவரிசை பார்க்கும் வசதி இருக்கிறது. கருவிமேல் ரிமோட்டை வைத்து பட்டனை அமுக்கினால் எண் திரையில் வரும். 433.9 அல்லது 434-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 315 என்று வந்தால் அது வேறு நாட்டுச் சந்தைக்கான போர்டு. சிப் ஒன்றே என்பதால் பதிவு மட்டும் நடந்திருக்கும்.

கரூர்_டீசல்

விளக்கு மின்னுகிறது. சாவிக் கடைக் கருவியில் பார்த்தேன். 315.

இதை 433 ஆக மாற்ற முடியுமா?

அலைவரிசை

அந்த போர்டில் முடியாது. அலைவரிசையை நிர்ணயிப்பது போர்டில் உள்ள உறுப்பு. மென்பொருளால் மாறாது. கடைக்காரரிடம் பாகம் எண்ணைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

ஒரிஜினல்தான் வேண்டும் என்று இல்லையென்றால் யுனிவர்சல் ஸ்மார்ட் ரிமோட் என்று ஒரு வகை உண்டு. எக்ஸ்ஹார்ஸ், கீடிஐஒய் போன்ற நிறுவனங்களின் கருவிகளால் அந்த போர்டில் மாடலும் அலைவரிசையும் தேர்ந்து எழுதி, பிறகு வண்டியில் பதிவார்கள். தப்பினால் மறுபடி எழுதலாம் என்பது இதன் நல்ல பக்கம். கைப்பிடி எட்டும் தூரம் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் குறையலாம். வீட்டில் கிடக்கும் இரண்டாவது சாவிக்கு அது போதும் என்பது என் கருத்து. தினமும் கையில் வைத்துக்கொள்வதற்கு ஒரிஜினல்.

எது வாங்கினாலும் பதிவு மறுபடி முதலிலிருந்துதான். இரண்டையும் எடுத்துப் போங்கள்.

பட்டறை_மின்சாரம்

பதிஞ்சு முடிஞ்சதும் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதையும் பார்த்துடுங்க சார். ஒரு ரிமோட்டைச் சோதிக்கும்போது மத்தது குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி இருக்கணும். பக்கத்தில் இருந்தா எது வேலை செய்துன்னே தெரியாது, இதில்தான் கடைக்காரங்களே ஏமாறுவாங்க. லாக், அன்லாக், டிக்கி பட்டன். அப்புறம் ரிமோட்டைப் பையில் வெச்சு டிரைவர் பக்கக் கைப்பிடி, எதிர்ப்பக்கக் கைப்பிடி, டிக்கி. முன் சீட்ல ரிமோட்டை வெச்சு ஸ்டார்ட், பின் சீட்ல வெச்சு ஸ்டார்ட். கடைசியா செல்லைக் கழட்டிட்டு, பிளேடால கதவைத் திறந்து, ரிமோட்டை பட்டன் மேல வெச்சு ஸ்டார்ட். பிளேடு சிலிண்டர்ல இறுக்கமா திரும்பினா அப்பவே திரும்ப வெட்டச் சொல்லுங்க. பழைய பிளேடு தேஞ்சிருக்கும். அதைப் பார்த்து நகல் எடுத்தா தேய்மானமும் சேர்ந்தே வரும். சாவி கோட் நம்பர் உள்ள டேக் இருந்தா அதை வெச்சு வெட்டச் சொல்றது மேல்.

ரெண்டு ரிமோட்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைக்காதீங்க. ஸ்பேரை வண்டிக்குள்ளேயோ, வண்டி நிக்கிற சுவருக்கு அந்தப்பக்கமோ வைக்காதீங்க. வண்டிக்கு எட்டுற தூரத்தில் இருந்தா செல் சீக்கிரம் தீரும்.

ரிமோட் பில்லையும் பதிவு பில்லையும் பத்திரமா வைங்க. வண்டி திருட்டுப் போனா இன்சூரன்ஸ்ல ரெண்டு சாவியையும் கேட்பாங்க. ஒண்ணு உங்ககிட்ட வரும்போதே இல்லைங்கிறதை விற்றவர்கிட்ட ஒரு வரி எழுத்தில் வாங்கிடுங்க, அதுக்கு இன்னும் நேரம் போகலை.

கரூர்_டீசல்

433 போர்டுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். வந்ததும் கருவியில் அலைவரிசை பார்த்த பிறகே பதியச் சொல்கிறேன். விற்றவரிடமும் எழுதி வாங்கியாயிற்று.