‘ஆற்றேரி’ சரிவருமா? – பேக் ஆற்று வரைபடச் சொல் குறித்து

குழுவினருக்கு வணக்கம்.

பேக் ஆற்று வரைபடத்தில் வரும் ‘லேக் எக்ஸ்பான்ஷன்’ என்பதற்கு, அதாவது ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கும் இடத்துக்கு, ஐயா தமிழில் சொன்ன ‘ஆற்றேரி’ நாக்கில் நன்றாகத்தான் உட்காருகிறது. ஆனால் ஏரி என்றதும் நமக்குக் கட்டிய கரை, மதகு, மிகைநீர் வழியும் கலங்கல் மூன்றும் கண்முன் வந்துவிடும். இயற்கையானதையும் ஏரி என்றுதானே எழுதுகிறோம் என்பீர்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன். என் தயக்கம் வேறு: ஏரியில் நீர் நிற்கும், இங்கே ஆறு நிற்கவில்லை.

1834 கோடையில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் பேக் வட கனடாவின் மரமற்ற தூந்திர வெளியில், பின்னர் அவர் பெயரையே பெற்ற இந்த ஆற்றோடு படகில் இறங்கி, அது கடல் சேரும் சான்ட்ரி குடா வரை வரைந்துகொண்டே போனார். கரை நெடுக ஒரு மரம்கூட இல்லை. அருவியும் கொந்தளிப்புமாக 83 இடங்களை எண்ணியிருக்கிறார். ஆனால் அவை படகுக்குத்தான் ஆபத்து, வரைபவருக்கு இல்லை. இரு கரையும் தெரியும், நீர் போகும் திசையும் தெரியும். பெல்லி, காரி, மக்டூகல் ஏரிகளில்தான் வம்பு. ஆறு அகன்று எதிர்க்கரை மறைந்துவிடும். தாழ்ந்த கரையில் வளைவுக்குள் வளைவு; ஆறு எதன் வழியே வெளியேறுகிறது? கரை தெரியாத இந்த ஏரிகள் வழிகாண்பவருக்குப் பெரிய சங்கடம் என்று பேக்கே எழுதியிருக்கிறார். திசைகாட்டியையும் முழுக்க நம்ப முடியாது; காந்தத் துருவத்தை நெருங்கினால் ஊசி தடுமாறும். 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டறிந்த காந்த வடதுருவம் சான்ட்ரி குடாவுக்கு வடக்கே, பூத்தியா தீபகற்பத்தில்தான் அப்போது இருந்தது.

ஆகவே ‘இது இன்னும் ஆறுதான்’ என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். விரிகுடாவைப் பார்த்து ‘விரியாறு’ என்று முதலில் எழுதினேன். அழகான வினைத்தொகை. ஆனால் வரைபடத்தில் ‘காரி விரியாறு’ என்று போட்டால் பெரியாறு மாதிரி தனி ஆறாகிவிடும். ‘ஆற்றகலம்’ அளவைக் குறிக்கும் சொல். ‘கயம்’ ஆழத்தைச் சொல்கிறது, இங்கே பேச்சே பரப்பைப் பற்றி.

என் வாக்கு ‘ஆற்றுவிரிவு’க்கு. டெல்டாவோடு குழம்பாதா என்று நேற்று ஒருவர் கேட்டார். அதற்குக் கழிமுகம் என்று ஊன்றிய சொல் இருப்பதால் குழம்பாது என்றே நினைக்கிறேன். காரி ஏரி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும், வகைப்பெயர் மட்டும் ஆற்றுவிரிவு.

அப்புறம் இன்னொன்று. விரிவிலிருந்து ஆறு மீண்டும் ஒடுங்கி வெளியேறும் இடத்துக்கு ‘வடிவாய்’ என்று வைத்திருந்தேன். யாழ்ப்பாண நண்பர் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் ‘வடிவாய்’ என்றால் அழகாக, நன்றாக! கலங்கல் என்றே போட்டுவிடலாமா? கட்டாத இடத்தில் கலங்கல் ஏது என்று ஐயா என் வாதத்தையே என்மேல் திருப்புவார். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.