மஞ்சள் கணக்கு பைத்தான் ப்ரோகிராம்: ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது, இம்போர்ட்டிலும் எரர், கூட்டலும் தப்பாக வருகிறது

கொடுமுடிப் பையன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பி.காம். படிக்கிறேன், பைத்தான் நானாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பா மஞ்சளை ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுபோய் விற்ற கணக்கை எல்லாம் நோட்டில்தான் எழுதி வைப்பார். விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்பதை ஒரு சிஎஸ்வி ஃபைலில் (கமா போட்டுப் பிரித்த பட்டியல்) ஏற்றி, பட்டனைத் தட்டினால் மொத்தம் சொல்கிற மாதிரி ஒன்று எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

விஎஸ் கோடில் (ப்ரோகிராம் எழுதும் எடிட்டர்) ரன் கொடுத்தால் 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்' வருகிறது. மஞ்சள்.சிஎஸ்வி அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது, கண் முன்னால் தெரிகிறது. சரி என்று கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் ஃபைல் திறக்கிறது, ஆனால் அடுத்த வரியிலேயே 'சிஎஸ்வி' மாட்யூலில் (இம்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளும் தயார் கோட்) 'ரீடர்' என்று ஒன்றே இல்லை என்கிறது. பைத்தானோடு கூடவே வருகிற மாட்யூல் தானே, எப்படி இல்லாமல் போகும்? எடை கேட்கும் பகுதியைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஒரு மூட்டை 62.5 கிலோ, இன்னொன்று 58 கிலோ என்று கொடுத்தால் மொத்தம் 62.558 என்று வருகிறது. எண்ணாக மாற்ற இன்ட் போட்டால் வேல்யூஎரர். அண்ணன்மார் அக்காமார் யாராவது வழி சொல்லுங்க.

தறிச்சத்தம்:

தம்பி, மூன்றும் மூன்று தனித்தனிப் பிரச்சினை. முதலில் ஃபைலைப் பார்ப்போம். வெறுமனே 'மஞ்சள்.சிஎஸ்வி' என்று பெயரை மட்டும் கொடுத்தால் ப்ரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கே பைத்தான் தேடாது, எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினீர்களோ அங்கேதான் தேடும். கமாண்ட் ப்ராம்ப்டில் உள்ளே போய் ஓட்டியதால் கிடைத்தது. விஎஸ் கோடில் நீங்கள் மேல் ஃபோல்டரைத் திறந்து வைத்திருப்பீர்கள், அங்கே நின்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? ப்ரோகிராமின் முதல் வரிகளில் இம்போர்ட் ஓஎஸ் கொடுத்து ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி-யை பிரிண்ட் செய்யுங்கள், எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய பாத்லிப்-லிருந்து பாத்-ஐ இம்போர்ட் செய்து, பாத்(__ஃபைல்__).பேரண்ட் / 'மஞ்சள்.சிஎஸ்வி' என்று கொடுங்கள். அதற்கு அர்த்தம், இந்த ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்பதுதான். அப்புறம் எங்கிருந்து ஓட்டினாலும் ஓடும். சி டிரைவிலிருந்து முழு முகவரியையும் அப்படியே எழுதிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாளைக்கு அப்பாவின் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் அதே எரர் மறுபடி வரும். பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் 'என்' எழுத்து வந்தால் பைத்தான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும் தொல்லை வேறு.

பவானிக்கரை:

இம்போர்ட் விஷயத்துக்கு ஒரு கேள்வி. அந்த ஃபோல்டரில் நீங்களே பழகிப் பார்க்க எழுதிய சிஎஸ்வி.பிஒய் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா? இருந்தால் அதுதான் காரணம். ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் பார்க்கும், அங்கே அந்தப் பெயரில் கிடைத்தால் தன்னோடு வந்த மாட்யூல் பக்கம் போகவே போகாது. பிரிண்ட்(சிஎஸ்வி.__ஃபைல்__) என்று போட்டுப் பாருங்கள், உங்கள் ஃபோல்டரின் முகவரி வந்தால் சந்தேகமே வேண்டாம். பெயரை மாற்றுங்கள், இம்போர்ட் செய்ததை பைத்தான் மொழிமாற்றி வைத்திருக்கும் __பைகேச்__ ஃபோல்டரையும் அழித்துவிடுங்கள். ரேண்டம், மேத், டேட்டைம் இந்தப் பெயர்களில் எல்லாம் ஃபைல் வைக்க வேண்டாம்.

தறிச்சத்தம்:

பவானிக்கரை சொன்னது சரி, ஆனால் பைகேச்-ஐ அழிக்கத் தேவையில்லை. அது பைத்தான் 2 காலத்துப் பழக்கம், அப்போது மொழிமாற்றிய பிஒய்சி ஃபைல் பக்கத்திலேயே கிடக்கும், மூல ஃபைல் போனாலும் அதையே எடுத்து ஓட்டிவிடும். பைத்தான் 3-ல் மூல ஃபைலின் பெயரை மாற்றினாலே பைகேச்-க்குள் இருப்பதைச் சீண்டாது. இன்னொன்று, 3.13 வெர்ஷனிலிருந்து இந்த எரரிலேயே 'உன் ஃபைலின் பெயர் பைத்தான் மாட்யூலின் பெயராக இருக்கிறது, மாற்று' என்று சொல்லிவிடுகிறது. புதியதைப் போட்டுக்கொள்வது நல்லது.

சென்னிமலை அக்கா:

எடைக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் மற்ற இரண்டும் எரர் காட்டி நின்றுவிடுகின்றன, இது நிற்காமல் ஒரு தப்பான எண்ணைக் கொடுக்கிறது, அதுவும் பார்த்தால் நிஜ எடை மாதிரியே இருக்கிறது. இன்புட் எதைக் கொடுத்தாலும் அது எழுத்துச் சரமாகத்தான் வரும். 62.5-ம் 58-ம் சரமாக இருக்கும்போது பிளஸ் போட்டால் இரண்டையும் ஒட்டிவிடும், அதுதான் 62.558. இன்ட் முழு எண்ணை மட்டும் ஏற்கும், புள்ளி இருந்தால் வேல்யூஎரர். நீங்கள் புள்ளி எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் வைத்து ஃப்ளோட்(இன்புட்('எடை: ')) என்று போடுங்கள், 120.5 வரும். குவிண்டால் விலை 13500 என்றால் 120.5-ஐ 100-ஆல் வகுத்துப் பெருக்க 16267.5 ரூபாய். இந்த ஒன்றை நோட்டில் கையால் போட்டுச் சரிபார்த்த பிறகு அப்பாவிடம் காட்டுங்கள்.

அப்பா விலையை 13,500 என்று கமா வைத்து அடிப்பார், நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். ஃப்ளோட் அதை ஏற்காது, அதனால் ரீப்ளேஸ் வைத்து கமாவை எடுத்துவிட்டு மாற்றுங்கள். தப்பாக அடித்தால் மறுபடி கேட்க வைல் லூப்புக்குள் ட்ரை, எக்செப்ட் போடுங்கள். ஆனால் எக்செப்ட் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லியே போடுங்கள், வெறும் எக்செப்ட் போட்டால் உங்கள் எழுத்துப்பிழையையும் விழுங்கிவிடும், கன்ட்ரோல் சி அடித்தாலும் வெளியே வர விடாது.

எழுதும்போது ஃபைலை எந்த மோடில் திறக்கிறீர்கள்? 'டபிள்யூ' என்றால் திறந்த உடனே பழைய கணக்கு முழுவதும் போய்விடும், 'ஏ' போட்டால்தான் கடைசியில் சேர்க்கும்.

கொடுமுடிப் பையன்:

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. சிஎஸ்வி.பிஒய் இருந்தது, பெயரை மாற்றியதும் ஓடிவிட்டது. பாத் முறையும் சரியாக வருகிறது. மோடையும் 'ஏ' ஆக்கிவிட்டேன். ஒன்று மட்டும் மிச்சம். 'விரலி', 'கிழங்கு' என்று தமிழில் எழுதியது பைத்தானில் சரியாக இருக்கிறது, எக்செலில் திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரிகிறது. என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) 'யூடிஎஃப்-8' கொடுத்துத்தான் எழுதினேன்.

பவானிக்கரை:

ஃபைலில் கோளாறு இல்லை, அது யூடிஎஃப்-8 என்று எக்செலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது இருக்கும் ஃபைலை நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸ் போய் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று ஒரு முறை சேமியுங்கள், பிஓஎம் என்பது இது யூடிஎஃப்-8 என்று காட்ட ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளம். இனிமேல் ஓப்பனில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். 'ஏ' மோடில் ஒவ்வொரு தடவையும் அந்த அடையாளம் சேர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஃபைல் காலியாக இருந்தால் மட்டும்தான் எழுதும். படிக்கும்போதும் அதே 'யூடிஎஃப்-8-சிக்' கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் தலைப்பான 'தேதி'யின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு, தலைப்பை வைத்துப் படிக்கும் டிக்ட்ரீடரில் அந்தத் தலைப்பே இல்லை என்று கீஎரர் வரும். விண்டோஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வந்தால் ஓப்பனில் நியூலைன்='' சேர்த்துவிடுங்கள்.