அக்காவும் தம்பியும் சேர்ந்து கன்ட்ரி சாங் வீடியோ எடுக்கறோம், டைரக்டர்னு யார் பேரு போடறது?

கோத்தகிரி_கேமரா:
வணக்கம் மக்களே, நானும் எங்க அக்காவும் கோத்தகிரில கல்யாண வீடியோ பண்றோம். இப்ப குன்னூர்ல கிடார் வச்சுகிட்டு கன்ட்ரி ஸ்டைல்ல, அதான் அமெரிக்க கிராமத்துப் பாட்டு மாதிரி, பாடற பையன் ஒருத்தன் அவன் பாட்டுக்கு வீடியோ கேட்டிருக்கான், தேயிலைத் தோட்டம், கேத்தி பக்கம் மலை ரயிலு எல்லாம் பேசி வச்சாச்சு, பிரச்சினை எங்க ரெண்டு பேருக்குள்ளதான். ஸ்பாட்ல நான் ஒண்ணு சொல்றேன் அவ ஒண்ணு சொல்றா, பையன் பேந்தப் பேந்த முழிக்கிறான். கன்ட்ரி பாட்டுக்கு பேர் போன அமெரிக்க ஊரு நாஷ்வில் பக்கம் கூடப்பொறந்தவங்க சேர்ந்து டைரக்ட் பண்ணி மேல வந்திருக்காங்களா?

ஊட்டி_எடிட்டர்:
தம்பி, நாஷ்வில் டைரக்டர் ஜோடின்னா டீட்டன், ஃப்ளேனிஜன் ரெண்டு பேருதான். ஆனா அண்ணன் தம்பி இல்ல, வெறும் பார்ட்னர்ஸ். பாடகி மார்ட்டினா மெக்பிரைடோட இன்டிபென்டன்ஸ் டே வீடியோ இவங்க எடுத்ததுதான், 1994ல கன்ட்ரி பாட்டுக்குன்னு குடுக்கற சிஎம்ஏ அவார்டு வாங்குச்சு, அப்புறம் டீட்டன் அந்த அவார்டு ஷோவுக்கே புரொட்யூசர் ஆயிட்டாரு.
நிஜ அண்ணன் தம்பி வேணும்னா அலபாமாக்காரங்க எர்வின் பிரதர்ஸ், ஆண்ட்ரூவும் ஜானும். கன்ட்ரி இல்ல, அதுக்கு பக்கத்து வீடு மாதிரி கிறிஸ்தவ பாட்டு வீடியோ. சின்ன வயசுலயே ஸ்போர்ட்ஸ் கேமரா புடிச்சவங்க, பாட்டு வீடியோல கை பழகி சினிமாவுக்குப் போனாங்க, 2018ல ஐ கேன் ஒன்லி இமேஜின் சுமார் 70 லட்சம் டாலர்ல எடுத்து 8 கோடி டாலருக்கு மேல வசூல். ஆனா 2023ல வந்த ஜீசஸ் ரெவல்யூஷன ஜான் வேற ஒருத்தரோட சேர்ந்துதான் டைரக்ட் பண்ணாரு, அண்ணன் கூட இல்ல. கடைசி வரைக்கும் ஒட்டிகிட்டே இருக்கணும்னு ஒண்ணும் இல்லப்பா.

கொடைக்கானல்_கிடார்:
பேரு விஷயம் அங்கயே சிக்கல்தான் ப்ரோ. அமெரிக்க டைரக்டர்ஸ் யூனியன்ல ஒரு படத்துக்கு ஒரு டைரக்டர்னு ரூல், ஜோடியா போடணும்னா தனியா அனுமதி வாங்கணும். ஹாலிவுட் அண்ணன் தம்பி டைரக்டருங்க கோயன் பிரதர்ஸ் சேர்ந்தேதான் எடுத்தாங்க, ஆனாலும் 2004க்கு முன்னாடி டைட்டில் கார்டுல ஜோயல் டைரக்டர், ஈத்தன் புரொட்யூசர். நீங்க யூடியூப்ல போடப்போறீங்க, உங்கள யாரு கேக்கப்போறா, நம்மூர்ல புருஷன் பொண்டாட்டி புஷ்கர் காயத்ரி ரெண்டு பேரும்தான் போடறாங்க. அக்கா பேர முதல்ல போடுங்க, வீட்ல நிம்மதியா சோறு கிடைக்கும்.

ஊட்டி_எடிட்டர்:
ஸ்பாட்ல ஒரே ரூல்தான், பாடறவன்கிட்ட ஒருத்தர் மட்டும் பேசணும், இன்னொருத்தர் மானிட்டர்ல உக்காந்து சொல்ல வேண்டியத பேசறவர் காதுல போய் சொல்லணும், கத்தக்கூடாது. மிஸ்ட்டு எப்ப எறங்கும்னு தெரியாது, அதனால வைட் ஷாட் மொத்தத்தையும் முதல்ல முடிச்சிருங்க, க்ளோஸப்ப எந்த நேரத்துலயும் ஒப்பேத்தலாம். ஸ்லோமோஷன்ல உதடு சேரணும்னா பாட்ட ரெண்டு மடங்கு ஸ்பீடா ஓடவிட்டு பாட வச்சு செகண்டுக்கு 50 ஃப்ரேம்ல எடுத்து 25ல போடுங்க. ராத்திரி வெளிய இருந்த கேமராவ அப்படியே ரூம் ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, லென்ஸ்ல தண்ணி கோத்துக்கும்.

கோத்தகிரி_அக்கா:
நான்தான் அந்த அக்கா. மானிட்டர் எனக்கு, பேசறது அவன், சரி. ஆனா ரெண்டு மடங்கு ஸ்பீடுல பையன் கிடார எப்படிங்க வாசிப்பான், வெரல் ஒடிஞ்சிராது?

ஊட்டி_எடிட்டர்:
கரெக்ட்மா, வெரல் தெரியற ஷாட் எல்லாம் நார்மல் ஸ்பீடுலயே எடுத்துருங்க. ஸ்லோல மூஞ்சி மட்டும், கிடார் ஃப்ரேமுக்கு வெளிய.